செப்டிக் டேங்க் மூடிக்கு மேல் ஒரு மணமேடை

"இங்கதான்" என்றாள் அந்தப் பெண். "மேடை இங்கதான். பின்னாடி அந்த மலை. வேற எங்கயும் வேண்டாம்."

அவன் தலையாட்டினான். இருவரும் கைகோத்துக்கொண்டு சரிவையும் அதற்கப்பால் வயல்களையும் கடைசியில் நீலமாகத் தெரிந்த மலையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவளுடைய காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்லுக்குள் பாதி மறைந்து, இரண்டடிக்கு இரண்டடி சிமென்ட் மூடி ஒன்று கிடக்கிறது. சரியாக அதன் மேல்தான் நின்றிருந்தாள்.

இந்தக் கிராமத்து வீட்டைக் கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்து 9 வருஷம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நேராக அந்த இடத்துக்குத்தான் போவார்கள். அங்கிருந்துதான் காட்சி நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் வீடு கட்டியவர் சரிவு பார்த்து, கழிவுநீர் தானாக இறங்கிப்போகிற மாதிரி அங்கே தொட்டியைத் தோண்டியிருக்கிறார். தண்ணீருக்கும் கண்ணுக்கும் ஒரே பக்கம்தான் வசதி போலிருக்கிறது.

"எத்தனை பேரைக் கூப்பிடலாம் ஆன்ட்டி?" என்று கேட்டான் பையன்.

புல்வெளியைப் பார்த்தால் 300 பேர் தாராளமாக நிற்கலாம். இணையத்தில் இப்படிப்பட்ட வில்லாக்களின் பக்கங்களைத் திறந்தால் அந்தப் புல்வெளிக் கணக்குதான் போட்டிருப்பார்கள். நானும் முதல் வருஷம் அதைத்தான் போட்டேன். இப்போது கேட்டால் 120 என்கிறேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது அந்த மூடிக்குக் கீழேயிருந்து வந்த எண்.

செப்டிக் டேங்க் ஒரு சோம்பேறி இயந்திரம். அதைச் சோம்பேறியாக இருக்க விட்டால்தான் வேலை செய்யும். உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் அடுத்த பக்கக் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். இப்படிப் பிரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாளாவது அந்தத் தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். எங்கள் பழைய தொட்டி 3,000 லிட்டர். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய தொட்டி. ஆனால் 200 பேர் ஒரு மாலைக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு ஃப்ளஷ் 6 லிட்டர், கை கழுவ 2 லிட்டர். மொத்தம் 3,200 லிட்டர். சமையல்கட்டுத் தண்ணீரைச் சேர்க்காமலே, முழுத் தொட்டியையும் ஐந்து மணி நேரத்தில் தள்ளி வெளியே அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம். படிய நேரமில்லாத கசடும் சேர்ந்தே போய் உறிஞ்சுகுழியின் மண்ணை அடைத்துக்கொள்ளும்.

இதில் மோசம் என்னவென்றால், அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. விருந்தினர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நன்றிக் கடிதம் வந்தது. அடுத்த மழைக்காலத்தில்தான், மூன்றாவது கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, சரிவின் கீழ்ப்பகுதி பச்சைப்பசேல் என்று தழைத்து நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று படம்கூட எடுத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்து மோந்து பார்த்துவிட்டு, "அது அழகில்லம்மா" என்றார்.

குழியைப் புதிதாகத் தோண்டினோம், தொட்டியைப் பெரிதாக்கினோம், சமையல் பந்தலின் தண்ணீருக்குத் தனி வழி வைத்தோம். 80 பேருக்கு மேல் போனால் நகரும் கழிப்பறைகள் கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். 25 பேருக்கு ஒன்று என்பது எங்கள் கணக்கு. அதற்கு மேலும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால் வண்டி நிறுத்த வயல்தான் வேண்டும், வயல் எங்களுடையது அல்ல. ஆகவே 120.

வில்லா என்ற சொல் ரோமானியர்கள் விட்டுப்போனது. அன்று அது பெரும்பாலும் பண்ணையோடு சேர்ந்த வீடு. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி தன்னுடைய லாரென்டம் வில்லாவைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் எடுத்த எடுப்பிலேயே தூரத்தைச் சொல்லிவிடுகிறார்: ரோமிலிருந்து 17 மைல், நகரத்து வேலையை முடித்துவிட்டே போய்ச் சேரலாம். இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, எங்களிடம் வருகிறவர்களின் முதல் கேள்வியும் அதுவேதான். விமான நிலையத்திலிருந்து எவ்வளவு நேரம்? யாருமில்லாத இடம் வேண்டும், ஆனால் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். யாருமில்லாத இடத்துக்கு நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த நூறு பேருக்கு வேண்டிய வெளிச்சம், சத்தம், தண்ணீர், குப்பை எல்லாம் வர வேண்டும். வந்த பிறகும் அது யாருமில்லாத இடம் மாதிரியே இருக்க வேண்டும். எங்கள் வேலை இதுதான். மூன்று நாளைக்கு ஒரு சின்ன ஊரைக் கொண்டுவந்து வைத்து, அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறோம்.

கண்ணுக்கு மறைப்பது சுலபம். ஜெனரேட்டருக்கு ஒரு மூங்கில் தட்டி போதும். காதுக்கு மறைக்க முடியாது.

எங்களுக்கு ஒரே ஒரு பக்கத்து வீடு. 400 மீட்டர் தள்ளி, மாடு வைத்திருக்கும் ஓர் அம்மா. இரண்டாவது கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஏம்மா, பாட்டுன்னா பாட்டு கேக்கணும்ல? எனக்குப் பாட்டே கேக்கல. திம்மு திம்முன்னு மட்டும்தான் கேக்குது. நெஞ்சுக்குள்ள யாரோ இடிக்கிற மாதிரி. மாடும் படுக்க மாட்டேங்குது."

அந்த ஒரு பேச்சில் ஒலியியல் பாடமே இருந்தது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் முன்னால் 100 டெசிபல் என்றால் 10 மீட்டரில் 80, 100 மீட்டரில் 60, அந்த அம்மாவின் வாசலில் 48. நகரத்தில் 48 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இங்கே ராத்திரி அமைதி 30-க்கும் கீழே இறங்கிவிடும், அதில் 48 கதவைத் தட்டும். கூடவே, பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிந்த வானமுள்ள ராத்திரியில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே காற்று சற்றுச் சூடாக நிற்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரத்து வீட்டில் போய் இறங்கும். கல்யாணத்துக்கு எல்லோரும் ஆசைப்படுவது அந்தத் தெளிந்த வானத்துக்குத்தான். மரங்களும் சுவர்களும் கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு பேஸை, அதாவது கனத்த தாழ்சுருதி ஒலியை, மட்டும் அனுப்பிவிடும். அதுதான் திம்மு திம்மு.

இப்போது பெரிய ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதில் சின்ன ஸ்பீக்கர்கள் எட்டு, ஆட்களுக்குப் பக்கத்திலேயே. ராத்திரி 10 மணிக்கு பேஸ் நிற்கும், 11-க்கு எல்லாம் நிற்கும். சவுண்ட் சிஸ்டம் கொண்டுவருகிறவர்கள் ஒவ்வொருவரும் 'கொஞ்சம்தானே' என்று முணுமுணுப்பார்கள். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் மாட்டுக்கொட்டகை வரை நடப்பேன். இதுவரை யாரும் அதற்குப் பிறகு வாதாடியதில்லை. அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் தேதி சொல்லிவிடுவோம். மாடு கன்று போடும் வாரம் என்றால் நாங்கள் தேதியே கொடுப்பதில்லை. இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சரி, சிரிக்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு கதை சொல்லியாக வேண்டும், தப்பு முழுக்க என்னுடையது. மூன்றாம் வருஷம். 25 கேவிஏ ஜெனரேட்டர், கையில் கிடைப்பது 20 கிலோவாட். விளக்குக்கு 4, சவுண்டுக்கு 5, சமையலுக்கு 6, ஆக 15. இன்னும் 5 மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். பொழுது சாய்ந்து, எல்லோரும் உட்கார்ந்து, அன்றைய மாப்பிள்ளைப் பையன் மைக்கைப் பிடித்துத் தான் எழுதிவைத்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் எல்லா விளக்கும் ஒரு தடவை மங்கியது. அப்புறம் அணைந்தது.

இருட்டுக்குள் எலக்ட்ரீஷியன் தம்பியின் குரல் மட்டும் கேட்டது. "அக்கா, மோட்டார ஆட்டோல விட்டுட்டீங்களா?"

விட்டிருந்தேன். நூறு பேர் கை கழுவியதில் மேல்தொட்டி காலியாகி, மிதவை இறங்கி, கிணற்று மோட்டார் தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 4 கிலோவாட்டுக்குப் பக்கத்தில்தான் கேட்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். ஜெனரேட்டர் கையை விரித்துவிட்டது.

இந்த மாதிரிக் கதைகளை 'அந்த இருட்டுதான் எங்கள் கல்யாணத்தின் அழகான நேரம்' என்று முடிப்பது வழக்கம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான்கு நிமிஷம் இருட்டு. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யாரோ படியில் தடுக்கினார்கள். மணப்பெண்ணின் அப்பா போனில் டார்ச்சை அடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "இதுக்குத்தான் ஊர்லயே மண்டபம் பிடிக்கலாம்னு சொன்னேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாலும் அது அவர் மகளுக்கான வாக்கியம். வெளிச்சம் வந்த பிறகு பையன் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தான், ஆனால் குரலில் அந்தப் பழைய நடுக்கம் இல்லை. அந்த நடுக்கத்தை நான்தான் தொலைத்தேன். இன்று மோட்டார் ஸ்டார்ட்டரில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. கல்யாணத்தன்று மாலை 4 மணிக்குமேல் என்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது. ஜெனரேட்டரும் 62.5 கேவிஏ ஆகிவிட்டது.

வெளிச்சம் என்றதும் பூச்சி ஞாபகம் வருகிறது. விளக்கைத் தேடிப் பூச்சி வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்துக்குக் காட்டியபடி பறக்கும். இயற்கையில் வெளிச்சம் மேலே வானத்தில் இருக்கும், அதனால் முதுகு மேலே, வயிறு கீழே என்று திசை பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டப்போய்ச் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்ளும். இதைப் படித்த பிறகு பூச்சி மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. நீல வெளிச்சம் குறைந்த மஞ்சள் பல்புகள், கூடு போட்டுக் கீழ்நோக்கிய விளக்குகள், சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி. மரத்துக்கு மரம் சீரியல் செட் கட்டும் ஆசையை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. கட்டட்டும், மஞ்சளாக இருந்தால் சரி.

வானவிளக்குக்கு மட்டும் மறுபேச்சே கிடையாது. காகிதக் கூட்டுக்குள் தீபம் ஏற்றி மேலே விடுவது, எல்லா ஜோடிகளும் படத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்பது. 2020 ஜனவரி 1-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, ஜெர்மனியின் கிரெஃபெல்ட் ஊர் மிருகக்காட்சிசாலையில் அப்படிப் பறந்துவந்த விளக்கு குரங்குகள் இருந்த கட்டடத்தில் விழுந்து, 30-க்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தன. அந்த மாநிலத்தில் அந்த விளக்குகளுக்கு அதற்கு 10 வருஷம் முன்பே தடை இருந்தது. விடும்போது அது எங்கே போய் விழும் என்று விட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் சரிவுக்குக் கீழே காய்ந்த வைக்கோல் போர்.

மழை. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். 10-க்கு 20 மீட்டர் டென்ட்டின் மேல் 25 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர், ஐந்து டன். துணி சரியாக இழுத்துக் கட்டியிருந்தால் வழிந்து போகும், தொய்ந்திருந்தால் தலைக்கு மேல் குளம். ஆகவே கல்யாணத்தன்று பகல் 12 மணிக்கு வெளியிலா உள்ளேயா என்று முடிவு செய்துவிட வேண்டும். 'இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாமே' என்று கண்ணில் நீரோடு நிற்கும் பெண்ணிடம் முடியாது என்று சொல்வது இந்தத் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத வேலை. சொல்லிவிடுவேன். ஒரே ஒரு தடவை சொல்லவில்லை. அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை.

சட்டம் வேறு தனியாக இருக்கிறது. ஊரைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொள்வது புது நாகரிகம் என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும்போது கிரெட்னா கிரீன் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் 1754-இல் அமலுக்கு வந்த சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் மணக்கத் தடை போட்டது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் ஊர்களில் ஒன்று கிரெட்னா கிரீன். ஜோடிகள் குதிரை வண்டியில் பறந்தார்கள், கொல்லன் பட்டறையில் சாட்சிகள் முன்னால் சொல்லிவிட்டால் கல்யாணம் முடிந்தது. 1856-இல் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் அந்த ஓட்டம் குறைந்தது.

அந்த 21 நாளின் வாரிசுகள் இன்றும் உலகம் முழுக்க இருக்கின்றன. பிரான்சில் நகர மன்றத்தில் நடக்கும் மணம்தான் சட்டப்படி மணம், வில்லாவில் நடப்பது விழா மட்டுமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு மணத்தை அனுமதி பெற்ற மாளிகைகளில் நடத்தவே 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே இடங்களின் தோட்டத்தில் நடத்த 2021 ஆனது. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊரிலேயே சத்தமில்லாமல் பதிவு செய்துவிட்டு வருகிறார்கள். புத்திசாலித்தனம். அந்தக் கையெழுத்து எங்கே, எப்போது என்று நான் முதல் சந்திப்பிலேயே கேட்பேன். பாதிப் பேர் அதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள், மேசைத் துணியின் நிறம் மட்டும் முடிவாகியிருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் காதல் எங்கே என்று கேட்கலாம். நானும் தேடியிருக்கிறேன். கல்யாண நாளில் அந்த இரண்டு பேரும் தனியாக இருப்பதே இல்லை. அவளைச் சுற்றிப் பத்துப் பேர், அவனைச் சுற்றிப் பத்துப் பேர், நடுவில் படம் எடுப்பவர். அதனால் நாங்களாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். அடிவானத்துக்கு மேலே கடைசி 6 பாகையில்தான் வெளிச்சம் தேன் நிறமாகும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் நேராக இறங்குவதால் அது 24, 25 நிமிஷத்தில் முடிந்துவிடும். துருவத்தை நோக்கிப் போகப் போக சாய்வாக இறங்கி, நேரம் நீளும். படம் எடுப்பவர்கள் அந்த நேரம் முழுவதையும் கேட்பார்கள். நான் அதில் கடைசி 10 நிமிஷத்தைப் பிடுங்கிக்கொள்வேன். வீட்டின் பின்பக்கம் ஒரு கல்பெஞ்சு இருக்கிறது. அங்கே இரண்டு பேரையும் உட்கார வைத்து, வழியில் எங்கள் பெரியவர் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரைத் தாண்டி கேமராவும் போகாது, அத்தையும் போக மாட்டார்.

அங்கே என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஒருமுறை அவரைக் கேட்டேன். "பாதிப் பேர் செருப்பக் கழட்டிட்டு சும்மா உக்காந்திருப்பாங்கம்மா. ஒரு ஜோடி தூங்கிடுச்சு."

சரி, அந்த மூடியின் மேல் நின்ற பெண்ணுக்கு வருகிறேன். அவர்களிடம் இருந்த பட்டியல் 210 பேர். 120 என்று சொன்னதும் பையன் முகம் வாடியது. பெண் ஒன்றும் சொல்லவில்லை. இதுபோல் போகிறவர்கள் பொதுவாகத் திரும்புவதில்லை. மூன்று வாரம் கழித்து அவளே போன் செய்தாள். "ஆன்ட்டி, 74 பேர். லிஸ்ட்ட எழுதி எழுதி அடிச்சுப் பார்த்தோம். யார் வரலைன்னா நிஜமாவே வருத்தமா இருக்கும்னு கேட்டா 74-தான் வருது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மேடை அங்கதான்" என்றாள்.

வேறு இடங்களைக் காட்டிப் பார்த்தேன். பிடிவாதம். பெரியவரிடம் சொன்னேன். அவர் மூடியைச் சுற்றி நடந்தார், குச்சியால் தொட்டியின் ஓரத்தைத் தேடிக் கோடு கிழித்தார். மேடையின் கால்கள் நான்கும் தொட்டிச் சுவருக்கு வெளியே, கெட்டி மண்ணில் நிற்க வேண்டும், மூடியின் மேல் ஒரு கிலோகூட இறங்கக்கூடாது. காற்றுக்குழாயை மரத்தோடு சேர்த்து மேலே உயர்த்த வேண்டும், இல்லையென்றால் வாசனை மணமக்களுக்குத்தான். மேடைப் பலகையில் நடுவில் ஒன்று மட்டும் ஆணி அடிக்காமல் விட வேண்டும், அவசரத்துக்குத் திறக்க. உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும், அதனால் யார் திறந்தாலும் குனிந்து எட்டிப் பார்க்கக்கூடாது என்பதையும் தச்சரிடம் இரண்டு தடவை சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பொண்ணுகிட்ட சொல்ல வேணாம்மா" என்றார்.

மழை இல்லை. மோட்டார் ஓடவில்லை. மலை அன்றைக்கு அவள் கேட்ட மாதிரியே நீலமாக நின்றது. ராத்திரி 11 மணிக்கு எல்லாம் அடங்கிய பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் காது கொடுத்துப் பார்த்தேன், ஒரு மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது.

மறுநாள் காலை காபியோடு வெளியே வந்தபோது பெரியவர் மேடை மேல் ஏறியிருந்தார். கம்பளத்தை மடக்கி, அந்த ஒற்றைப் பலகையை எடுத்து, கம்பியால் மூடியை நெம்பி ஓரமாக நகர்த்திவிட்டுச் சற்று நேரம் தள்ளியே நின்றார். பிறகு, குறி போட்ட நீளக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தாங்கிடுச்சும்மா" என்றார். மூடியைப் போட்டுவிட்டு, அதன் மேல் விழுந்துகிடந்த பூவிதழ்களைக் காலால் தள்ளிவிட்டார்.